இரண்டு களத்துக் கடலைக்கொடி

இரண்டு தேசத்து ராஜாங்கம் உட்கார்ந்து பேசியது, கை குலுக்கியது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். நான் ஆட்டுவதில்லை. குலுக்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை மோந்து பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். வேறு ஆள் எழுதினால் ஒரு ஊரை நல்ல ஊராக்கி இன்னொன்றைக் கெட்ட ஊராக்கிவிடுவார்கள். நான் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரி.

மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அரசாங்கம் என்றால் சேலத்தில் உட்கார்ந்திருந்த கலெக்டர் துரை இல்லை. அவரை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் மணல் ஓடை. அதற்கு மேற்கே ஒரு ஊர், ஒரு மணியக்காரர். கிழக்கே ஒரு ஊர், ஒரு மணியக்காரர். அவர்கள் வைத்ததுதான் சட்டம், அவர்கள் அடைத்ததுதான் எல்லை. நான் பிறந்தது மேற்கூரில். என்னைக் கட்டிக்கொடுத்தது கிழக்கூரில். வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்விடலாம். அந்தத் தூரத்தை நான் மூன்று வருசம் தாண்டவில்லை.

சண்டை எங்கே தொடங்கியது என்று கேட்டால் மேற்கூரில் ஒன்று சொல்வார்கள், கிழக்கூரில் ஒன்று சொல்வார்கள். மாரியம்மன் கோயிலில் முதல் தேங்காய் யாருடையது என்பதில் தொடங்கியதாம். என் மாமனாருடைய அப்பா காலத்தில் கை ஒடிந்தது, தலை உடைந்தது. அதற்குப் பிறகு வெட்டும் குத்தும் நின்று தீ வைப்பது வந்தது. ராத்திரியில் யாரோ வருவார்கள், விடிந்து பார்த்தால் மாட்டுத் தீனிக்கு அடுக்கிய கடலைக்கொடிப் போர் சாம்பலாகக் கிடக்கும். தீனி போனால் மாடு போச்சு, மாடு போனால் ஏர் போச்சு. ஆள் மேல் கை வைக்காமல் ஒரு குடும்பத்தைச் சாய்ப்பதற்கு அது போதும். நடுவில் நாலைந்து வருசம் எதுவும் எரியாமல் இருந்தது. அந்த நல்ல காலத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் வந்த அடுத்த மாசியில் எங்கள் கிழக்கூர்ப் போர் ஒன்று எரிந்தது. அதற்கு மறுவாரம் மேற்கூரில் இரண்டு எரிந்தன. தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். முதலில் எரிந்ததை யார் கொளுத்தினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஆள் மேற்கூர்க்காரன் இல்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

போகட்டும். நான் சொல்ல வந்தது என் அண்ணன் கல்யாணம்.

எனக்கு ஒரே அண்ணன். தை மாசம் கடைசியில் அவனுக்குக் கல்யாணம் என்று சந்தையில் ஆள் மூலமாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று செய்வோம். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடித்திருப்பான், மறு தலைப்பைக் கூடப்பிறந்தவள் பிடித்து நிற்பாள். சபையே பார்க்கும். அண்ணன் வீட்டில் எனக்கும் உரிமை இருக்கிறது என்று ஊரறியச் சொல்லுவது அது ஒன்றுதான். கூடப்பிறந்தவள் வர முடியாவிட்டால் சித்தப்பன் மகளோ பெரியப்பன் மகளோ நிற்பாள். என் சித்தப்பாவுக்கு என் வயசில் ஒரு மகள் இருந்தாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். தடம் திறக்காவிட்டால் அவள்தான் நிற்பாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஜாக்கெட் துணிகூட எடுத்தாயிற்று என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அண்ணனுக்கு நான் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி தலைப்பைப் பிடிப்பாளா?

அந்த வருசம் கார்த்திகையில் இரண்டு மணியக்காரர்களும் பள்ளத்து மணலில் உட்கார்ந்து பேசினார்கள். போலீசு வந்து இரண்டு ஊரிலும் தங்கி, கோழியெல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் போயிருந்தது. இன்னொரு தடவை அவர்களை வரவழைக்க யாருக்கும் தெம்பு இல்லை. பெண்கள் கரையில் நின்று கேட்டோம்.

மேற்கூர் மணியக்காரர் சொன்னார்: "எங்க ஊருக் கடலைக்கொடிப் போரு உங்க களத்துல நிக்கட்டுமுங்க. உங்க ஊருப் போரு எங்க களத்துல நிக்கட்டும். எங்கது எரிஞ்சா உங்கதும் எரியும். அப்புறம் எவன் தீக்குச்சியைத் தொடுவான்?"

எங்கள் மணியக்காரர் மீசையைத் தடவினார். "நல்லாருக்குதுங்க. எங்க மாட்டுக்குத் தீனி வேணும்னா நாங்க உங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கோணும்?"

"தை பொறக்கற மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு போரும் முழுசா நின்னா, அன்னைக்கே முள்ளை எடுத்துத் தடத்தைத் தொறந்துடலாம்."

"நடுவுல உருவிட்டா?"

"சுத்தியும் சுண்ணாம்புத் தண்ணியில குறி போட்டுருவோம். ஒரு கைப்புடி உருவினாலும் காட்டிக் குடுத்துரும்."

களத்தில் நெல்லைக் குவித்துச் சாணிப்பாலில் குறி போடுகிற மாதிரிதான். யார் தொட்டாலும் கோடு கலைந்துவிடும். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். சம்மதித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. யார் முதலில் எழுந்து முதுகைக் காட்டிப் போவது என்று உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மழை தூறியதால் எழுந்தார்கள்.

மேற்கூர்ப் போரை வைக்க எங்கள் மாமனார் களத்தைக் குறித்தார் எங்கள் மணியக்காரர். பள்ளத்துக் கரையை ஒட்டிய களம், அக்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் என்றார். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என் காது கேட்கவே சொன்னார்: "அந்த ஊட்டு மருமக அவங்க ஊருப் புள்ள. ஏதாச்சும் ஆச்சுன்னா அவளைக் கேட்டுக்கலாம்." அன்றிலிருந்து என் மாமியார் நான் மேற்கே பார்த்தால் இருமுவார். நான் மேற்கே பார்த்தது கொஞ்ச நஞ்சமில்லை. அவரும் நிறைய இருமினார்.

மார்கழி பிறந்ததும் மேற்கூர் ஆட்கள் வண்டி வண்டியாகக் கொடி கொண்டு வந்தார்கள். கார்த்திகைக் கடைசி மழையில் நனைந்த கொடி. கையில் எடுத்தால் ஈரம் தெரியும். என் மாமனார் கொஞ்சமாகப் பேசுகிறவர். அவரே வாயைத் திறந்து சொன்னார்: "ஈரமா இருக்குதுங்க. ரெண்டு நாள் களத்துல ஒணத்தீட்டுப் போரு போடுங்க."

வண்டியில் நின்றிருந்தவன் சிரித்தான். "ரெண்டு நாள் பரப்பி வெச்சா, மூணாம் நாளு எங்களுக்குக் களம் மட்டும் மிச்சமாகுமுங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் பொழுது சாய்வதற்குள் ஈரத்தோடு போரைப் போட்டு, சுண்ணாம்புக் குறி தெளித்து, சுற்றிலும் சாம்பலில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். வட்டத்துக்குள் கிழக்கூர்க்காரர் கால் வைக்கக் கூடாது.

அதே நாள் எங்கள் ஆட்களும் மேற்கூரில் போர் போட்டுவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் கை கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒணத்தீட்டுப் போடுங்கன்னு நமக்கே சொல்லிக் குடுக்கறாங்க. அவங்க பேச்சைக் கேட்டு ஈரக் கொடியைப் பரப்பி வெக்க நாங்க என்ன ஏமாளியா?"

இரண்டு பேச்சையும் ஒரே நாளில் கேட்டவள் நான். எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. தோன்றியது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் தை மாசத்துக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டுக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு மேற்கூரிலிருந்து என் சித்தப்பாவைப் போட்டார்கள். காலையும் மாலையும் அக்கரை வேலமரத்தடியில் வந்து உட்கார்ந்து எங்கள் களத்தைப் பார்ப்பார். எத்தனையோ ஆள் இருக்க அவரை ஏன் போட்டார்கள்? அவர் மகள்தானே என் இடத்தில் நிற்கக் காத்திருந்தாள். போருக்கு ஒன்று ஆனால் அவர் வீட்டுக்கு லாபம். அந்த நினைப்பிலேயே நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவரும் என் முகத்தை அப்படித்தான் பார்த்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் நோம்பிக்குப் போனவர் அவர். மூன்று வருசத்தில் முகம் எப்படியாகிவிடுகிறது பாருங்கள்.

பத்து நாள் போயிருக்கும். விடியற்காலையில் களத்து ஓரம் கூட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பனி. எங்கள் சோளத்தட்டுப் போர் மேல் பனி வெள்ளையாகக் கிடக்கிறது, வேலி மேல் கிடக்கிறது, வண்டி மேல் கிடக்கிறது. மேற்கூர்ப் போர் உச்சியில் மட்டும் இல்லை. அந்த இடம் கறுத்து நனைந்திருந்தது. அதிலிருந்து சோற்றுப் பானை மூடியை எடுத்தது போல ஆவி எழுந்தது. காற்று திரும்பியபோது வாசம் வந்தது. கரும்பாலையில் பாகு முறுகின மாதிரி, கொஞ்சம் புளிச்ச மாதிரி. துடைப்பத்தைக் கீழே போட்டேன். என்னைப் பெத்த அய்யன் வீட்டில் ஒரு தடவை ஈரக் கொடியை அடுக்கி, பத்தாம் நாள் உள்ளே வெந்து கரியாகி, பதினாலாம் நாள் தானாகப் பற்றிக்கொண்டது. தீக்குச்சி வேண்டாம். ஈரமும் மூட்டமும் போதும்.

உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாமனாரிடம் சொன்னார். மாமனார் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

மாமியார்தான் முதலில் பேசினார். "அவங்க போரு எரிஞ்சா அவங்க மாடு பட்டினி கெடக்கும். உனக்கெதுக்கு புள்ள இந்தப் பதைப்பு?"

"எரிஞ்சா நாம கொளுத்தினோம்பாங்க அத்தே. நம்மூருப் போரு அங்க நிக்குது."

"பிரிச்சுப் போட்டுரலாமுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொட்டா குறி அழியும். அழிஞ்சா திருடுனோம்பாங்க," என்றார் மாமனார். "தொடாட்டி எரியும். எரிஞ்சா கொளுத்தினோம்பாங்க. நல்லாத்தான் முடிச்சுப் போட்டு வெச்சிருக்கறாங்க, ரெண்டு மணியக்காரனும்."

"நம்ம மணியக்காரர்கிட்டச் சொல்லீட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரு ஆளுங்களைக் கூட்டியாருவாரு. ஆளுங்களைப் பாத்தா அக்கட்டால இருந்து அவங்க தடியெடுத்துட்டு வருவாங்க." மாமனார் கட்டிலை விட்டு எழுந்தார். "நாம எதையும் பாக்கல. பனியில ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான். தெரியுதா அம்மிணி?"

அம்மிணி என்று என்னைத்தான் சொன்னார். என்னை மட்டும்தான் நம்பவில்லை என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குத் தண்ணீருக்குப் போனேன். மணலில் அவரவர் ஊர்ப் பெண்கள் அவரவர் ஊற்றைத் தோண்டி வைத்திருப்போம். போனால் யாரும் கேட்க மாட்டார்கள். அக்கரை மரத்தடியில் சித்தப்பா வந்து உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்குது. உனக்குத் தெரியாதா?"

"உங்க போரு உள்ளார வேகுது. வந்து பாருங்க."

"யாரு சொல்லி அனுப்பிச்சா? உன்ற மாமனா?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

"தானா பத்திக்கிச்சுன்னு சொல்லோணும்னா, மொதல்ல ஒரு ஆளை உட்டு வேகுதுன்னு சொல்ல வெக்கோணும். பொறவு கொளுத்தோணும். எனக்கு இதெல்லாம் புதுசா?"

"அப்ப எந்திரிச்சு வந்து கையை உட்டுப் பாருங்க."

"வந்தா, குறியை அழிச்சவன் நாந்தான்னு புடிச்சுக் கட்டி வெப்பாங்க. நானு வரமாட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீங்க ஏன் வருவீங்க? போரு எரியட்டும், தடம் அடைஞ்சே கெடக்கட்டும், உங்க புள்ள கூறைச்சேலையைப் புடிச்சு நிக்கட்டும். அதுக்குத்தான காவலுக்கு வந்து குந்தியிருக்கறீங்க?"

அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "இந்த வாயி உங்க ஆத்தா வாயேதான்," என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் குடத்தை மணலிலேயே வைத்துவிட்டுக் கரையேறினேன். சாணிக்கூடையை எடுத்தேன். சாம்பல் வட்டத்தை மிதித்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கால் கூசுகிறது. சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் கையை விட்டு, தோள் வரைக்கும் விட்டு, வந்த மட்டும் பிடித்து இழுத்தேன். கொதிக்கிற உலையில் கையை விட்ட மாதிரி இருந்தது. குறி பிளந்து ஓட்டையாகத் தெரிந்தது. பின்னாலிருந்து மாமியார், "அய்யோ, குடியைக் கெடுத்தாளே!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. கூடையைக் கொண்டுபோய் மணியக்காரர்கள் உட்கார்ந்து பேசிய அதே மணலில், சரிபாதியில் கவிழ்த்தேன்.

கொடி கறுத்துப் புகையிலை மாதிரி இருந்தது. ஆவி வந்தது. சித்தப்பா கரையிலிருந்து ஒரு கால் இறங்கினார், நின்றார். இன்னொரு கால் இறங்கினார். எங்கள் கரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். மெல்ல வந்து, குனிந்து, கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"அட கெரகமே!"

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க களத்துலயும் இதே வாசம் வருது. நாலு நாளா."

"எங்க போருலயா?"

"ம்."

"நாலு நாளா ஏஞ் சொல்லல?"

"உங்க ஆளுங்க உள்ளார என்னத்தையோ வெச்சு அடுக்கியிருக்காங்க, பத்திக்கிட்டா பழி நம்ம மேல வரட்டும்னு, அப்படின்னாரு எங்க மணியக்காரரு. யாரும் தொடக் கூடாது, பாக்கவும் கூடாதுன்னுட்டாரு."

என் மாமனார் சொன்ன அதே பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு ஊரும் பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, அடுத்தவன் தீனி வேகிற வாசத்தை மோந்துகொண்டு, பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. சித்தப்பா அவர் மணியக்காரரைக் கூட்டி வந்தார். எங்கள் பக்கம் மாமியார் போட்ட சத்தத்துக்கு ஊரே வந்துவிட்டது. இரண்டு கரையிலும் ஆட்கள் கவைக்கோலோடு நின்றார்கள். கொடி இழுக்கவும் ஆகும், மண்டையைப் பிளக்கவும் ஆகும். பிரிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். யார் முதலில் பிரிப்பது?

"குறியை அழிச்சவங்க நீங்க. நீங்களே மொதல்ல பிரிங்க," என்றார் மேற்கூர் மணியக்காரர்.

"நாங்க பிரிச்சதும் நீங்க எங்களுதைப் பிரிக்காமயே நின்னுட்டா?"

கடைசியில் ஆளுக்கு ஒரு கோல் என்று பேசினார்கள். இங்கே அவர்கள் போரிலிருந்து ஒரு கோல் கொடி இழுத்துப் போட வேண்டும். அங்கே எங்கள் போரிலிருந்து ஒரு கோல். பிறகு இங்கே ஒன்று. அக்கரைக்கும் இக்கரைக்கும் கூப்பாடு போட்டுக்கொண்டு வேலை நடந்தது.

"இழுத்தாச்சா?"

"ஆச்சு!"

"எங்க, தூக்கிக் காட்டு!"

"தூக்கித்தான காட்டறேன், கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அது சின்னக் கோலு! இன்னொண்ணு இழு!"

என் வீட்டுக்காரர் இழுத்து ஓய்ந்து, "இந்தக் கெதியில போனா சித்திரையில முடியுமுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. வெயில் ஏறியது. இழுக்க இழுக்க உள்ளே காற்றுப் போனது. இங்கே கரியாகிப்போன கொடிதான் வந்தது. அங்கே, மேற்கூர்க் களத்தில், எங்கள் ஊர்ப் போரின் வயிற்றிலிருந்து சட்டென்று தீ எழுந்தது.

புகையைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கவைக்கோலோடு பள்ளத்தில் குதித்தார்கள். முன்னால் போனவர் என் மாமனார். எனக்கு அண்ணன் கல்யாணம், கூறைச்சேலை எல்லாம் ஒரே நொடியில் கண்ணை விட்டுப் போனது. இன்றைக்குத் தலை உருளும், என்னை வைத்துத்தான் உருளும் என்று நினைத்தேன்.

மாமனார் பாதி மணலில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் மேல் மோதினார்கள். அவர் எதைப் பார்த்தார் என்று பிறகுதான் சொன்னார். மேற்கூர் ஆட்கள் எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களாம். தடியோடு எதிரி வருகிறான் என்று தெரிந்தும் ஒருத்தனும் திரும்பவில்லை. மண்ணை அள்ளி அள்ளித் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கிணற்றிலிருந்து குடம் மாற்றிக் குடம் கொண்டு வந்தார்கள். "கொளுத்தினவன் முதுகைக் காட்ட மாட்டான்," என்றார் மாமனார். கொளுத்துகிறவனைப் பற்றி அவருக்கு எப்படி அவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அவர் ஏறிப்போனார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. தன் கவைக்கோலைக் கொண்டுபோய் எரிகிற போரில் குத்தி இழுத்தார். மற்றவர்களும் போனார்கள். பாதிப் போரைக் காப்பாற்றினார்கள். பாதி போச்சு.

அன்று மாலை மணியக்காரர்கள் மறுபடி மணலில் உட்கார்ந்தார்கள். இனித் தடம் திறந்துவிடும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "ரெண்டு போரும் முழுசா நின்னாத்தான் தொறக்கறதுன்னு பேச்சு. ரெண்டும் நிக்கல. தொறக்க முடியாது." மறுபேச்சே இல்லாமல் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் கரையில் நின்றபடியே பேசினேன். ஆண்கள் சபையில் நான் பேசியது அதுதான் முதல். "தடம் உங்களுது, அடைச்சே வெய்யுங்க. என்ற அண்ணன் கல்யாணத்துக்கு என்னை மட்டும் தாட்டிவிடுங்க. இணைச்சீர் முடிஞ்சதும் வந்துடறேன்."

"போயிட்டு வராட்டி?" என்றார் எங்கள் மணியக்காரர். "பொறந்த ஊட்டுல புடிச்சு வெச்சுக்கிட்டா, நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

அப்போது சித்தப்பா, சுட்ட விரலில் வாழைப்பட்டை சுற்றியிருந்தவர், தொண்டையைக் கனைத்தார். "இவ எங்கூருல இருக்கற மட்டும் என்ற புள்ளை கிழக்கூருல, இவ ஊட்டுல இருக்கட்டுமுங்க. இவ திரும்புனா அவளும் திரும்புவா."

கூறைச்சேலையைப் பிடிக்க வேண்டியவள் என்று ஊர் சொன்னவளையே பிணையாகக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? நல்ல மனசு என்று சொன்னவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. வாசம் வந்தும் நாலு நாள் பேசாமல் இருந்ததை நான் சபையில் எடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கலாம். என்னைத் தோளில் தூக்கியது நினைவுக்கு வந்திருக்கலாம். அவர் சாகிற மட்டும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் முள்ளில் ஓர் ஆள் நுழைகிற மட்டும் விலக்கினார்கள். அந்தப் பக்கமிருந்து அவள் வந்தாள், இந்தப் பக்கமிருந்து நான் போனேன். நடு மணலில் எதிர்ப்பட்டோம். அவள் போட்டிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். புதுத்துணி. எடுத்தாயிற்று என்றார்களே, அதுதான். இருவரும் ஒதுங்கி நடந்தோம்.

பந்தலில் என் ஆத்தா என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். நிஜமாக நான்தானா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. சபை கூடியது. சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் கூப்பிட்டார். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில், மறு தலைப்பு என் கையில். நிமிர்ந்து நின்றேன். பெண்கள் என் கழுத்தையும் காதையும் பார்த்தார்கள். மூன்று வருசத்தில் கிழக்கூர்க்காரர்கள் என்னிடமிருந்து எதையாவது கழற்றிக்கொண்டார்களா என்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். அண்ணன் மெல்லக் கேட்டான்: "உன்னை அடிக்கறாங்களா?" "உன் வேலையைப் பாரு," என்றேன்.

சாப்பிட உட்காரவில்லை. பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். திரும்பவும் நடு மணலில் அவள் வந்தாள். இந்தத் தடவை நின்றாள்.

"உன்ற ஊட்டுல எல்லாம் சரியா இருக்குதான்னு போயி எண்ணிப் பாத்துக்க," என்றாள்.

"எண்ணத்தான் போறேன். எங்க மாமியா உனக்குச் சோறு போட்டாங்களா?"

"நானு திங்கல. எங்கய்யன் திங்க வேண்டாம்னு சொல்லியனுப்பிச்சாரு." கொஞ்சம் தயங்கினாள். "மோரு கொண்டாந்து வெச்சாங்க. நானு தொடல. பாத்துக்கிட்டே இருந்தாங்க. பொறவு அந்தச் சொம்பை எடுத்து அவங்களே ஒரு வாய் குடிச்சு, தொடைச்சு, திரும்ப என்ற முன்னால வெச்சாங்க. நானு ஒண்ணும் கேக்கவே இல்ல."

"குடிச்சியா?"

"குடிச்சேன். உப்பு அதிகம்."

அக்கரையிலிருந்து ஒருவர், "என்ன அங்க குசுகுசுன்னு?" என்று சத்தம் போட்டார். அதே நேரம் எங்கள் கரையிலிருந்தும் ஒருவர் அதையே கேட்டார். அவள் மேற்கே போனாள், நான் கிழக்கே வந்தேன். நாங்கள் இருவரும் கரையேறிய பிறகுதான் முள்ளை இழுத்து மூடினார்கள்.